சல்லடையில் நின்ற சொல்

"ஏனுங், சாப்டீங்களா?"

தலையில் சுற்றிய கட்டுக்குள்ளிருந்து ஆவுடையப்பன் பேசிய முதல் பேச்சு இதுதான். விபத்து நடந்த நாளிலிருந்து அந்த வாய் ஒரு முனகல்கூட முனகியதில்லை. இப்போது மனைவி கோகிலவாணியைப் பார்த்து, பணிவாக, மரியாதையாக, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டான்.

"அட சாமி!" என்று கோகிலவாணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமியார் பேச்சியம்மாளுக்கு, மகிழ்ச்சியில் திறந்த வாய் திகைப்பில் அப்படியே நின்றது. மகன் பேசிவிட்டான், நல்லது, இசக்கியம்மன் காப்பாற்றினாள். ஆனால் இவன் என்றைக்குப் பெண்டாட்டியை 'ங்க' போட்டுக் கூப்பிட்டான்? தாலி கட்டிய மறுநாளிலிருந்து 'ஏட்டி'தானே?

"எய்யா, இங்கன பாருய்யா. அம்மா வந்திருக்கேன்" என்றாள் பேச்சியம்மாள்.

ஆவுடையப்பன் கழுத்தை மெல்லத் திருப்பினான். அம்மாவைக் கண்டதும் கண் மலர்ந்தது. "வாங்கத்தை. நல்லா இருக்கீங்ளா?"

"பெத்தவள அத்தைங்கானே!" பேச்சியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அம்பாசமுத்திரத்துப் பிள்ளைய உடுமலப்பேட்டைக்காரனா மாத்திப்புட்டாவளே!"

மருந்துத் தட்டோடு வந்த செவிலியர் அந்தோணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சந்தோசப்படுங்கம்மா. பந்தல் பிடிச்சிட்டு. இப்பம் பேசுதது உங்க மகன் இல்ல. பந்தக்காலு பேசுது."

பந்தக்கால் என்று அவர் காட்டியது கோகிலவாணியை. அவளோ விழுந்த நாற்காலியைக்கூடத் தூக்காமல், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டனுங், சாப்டனுங்" என்று அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆவுடையப்பன் காற்றாலைக்காரன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கிற ராட்சதக் காற்றாடிகளில் ஏறி இறங்குவதுதான் வேலை. உடுமலைப் பக்கம் காற்றாடி நட வந்த இடத்தில்தான் கோகிலவாணியைப் பார்த்து, கட்டி, வள்ளியூருக்குக் கூட்டி வந்தான். இறக்கைகளைத் தேய்த்துக் கழுவ 'இறக்கைத் துலக்கி' என்று ஒரு இயந்திரம் உண்டு. மாசி மாதத்தில் ஒரு நாள் அதன் கயிறு அறுந்தது. கொக்கி வீசி வந்த வேகத்தில் அவனுடைய தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. கவசம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

'வான்கட்டில்' என்கிற பறக்கும் ஆம்புலன்ஸ் அவனைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு வந்து இறங்கியபோது மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. வீங்கிய மூளைக்கு மண்டையோட்டுக்குள் இடம் ஏது? நசுங்கிச் சாக வேண்டியதுதான். டாக்டர் ஜெஸீலா மண்டையோட்டில் உள்ளங்கை அகல எலும்பைக் கழற்றி வழிவிட்டார். உறைந்த இரத்தத்தை எடுத்தார். கழற்றிய எலும்பு கெடாமல் இருக்க, அவனுடைய வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே அதைப் பத்திரமாக வைத்துத் தைத்தார். வீக்கம் வடிந்ததும் எலும்பு தன் இடத்துக்குத் திரும்பியது. இவ்வளவும் பழைய காலத்து டாக்டர்களும் செய்த வேலைதான்.

பேச்சுதான் பிரச்சினை. மூளையில் பேச்சு குடியிருக்கும் பக்கம் வெறும் தரிசாகிவிட்டது. அன்றைக்கு ஜெஸீலா கோகிலவாணியை உட்காரவைத்துச் சொன்னார்: "நரம்பு திரும்ப வளரும்மா. மருந்து கொடுத்து வளர வச்சிரலாம். ஆனா எந்தப் பக்கம் வளரணும்னு அதுக்குத் தெரியாது. பீர்க்கங்கொடியத் தரையில விட்டா எப்படி? அதனால பட்டுநூல்ல நெய்த ஒரு வலைய உள்ள விரிப்போம். பந்தல்னு சொல்லுவோம். அதுல இன்னொருத்தரோட பேச்சோட்டம் பதிஞ்சிருக்கும். உங்க வீட்டுக்காரரோட நரம்பு அதைப் பிடிச்சு ஏறும். ஏறி முடிச்சா, பந்தல் தானா கரைஞ்சிரும். கொடி சொந்தக் கால்ல நிக்கும்."

"யாரோட பேச்சுங் பதியோணும்?"

"ஒரே வீட்டுல அவரோட தினம் பேசுறவங்களோடது."

"அப்ப நாந்தானுங்" என்றாள் கோகிலவாணி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஒரு வாரம் அவள் தலையில் பதிவுத்தொப்பி இருந்தது. வாய் ஓயாமல் பேச வேண்டும். பேசினாள். சமையல் சொன்னாள், காய்கறிக்காரனை வைதாள், தாலாட்டுப் பாடினாள், உடுமலையில் இருக்கிற தங்கச்சியோடு போனில் ஊர்வம்பெல்லாம் அளந்தாள். "பேச ஒண்ணும் இல்லன்னா மனசுக்குள்ள நினைச்சிட்டிருங்க, அதுவும் பதிவாகும்" என்று அந்தோணி சொன்னது மட்டும் அவள் காதில் சரியாக விழவில்லை.

விழாததன் பலனை அடுத்த சில நாட்களில் அனுபவித்தாள்.

அந்த நாட்கள் என்னவோ திருவிழாதான். ஆவுடையப்பன் சாய்ந்து உட்கார்ந்தான். கஞ்சி விழுங்கினான். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடை பழகினான். பழகும்போதெல்லாம் "சித்தெ மெதுவாப் புடிங்", "காலு அக்கட்டால போவுதுங்" என்று கொங்குத் தமிழில் குழைந்தான். அந்த மீசைக்கும் அந்தக் குழைவுக்கும் கொஞ்சமும் ஒட்டவில்லை. பக்கத்து வார்டுக்காரர்கள் இதைக் கேட்பதற்கென்றே காபி டம்ளரோடு வந்து நின்றார்கள். கோகிலவாணிக்கு மரியாதை புளிக்கவில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட "சிரமம் பாக்காம எடுத்துத் தாரீங்ளா?" என்று புருஷன் கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு நாள் காலை பேச்சியம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்து, வாசலில் காலை வைக்கும்போதே "எய்யா, ராசா" என்று தொடங்கினாள்.

ஆவுடையப்பன் மனைவியின் பக்கம் சாய்ந்து, அன்பாகச் சொன்னான்: "மைக்செட்டு வந்துருச்சுங்."

கோகிலவாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியாருக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. தங்கச்சியிடம்கூடச் சொன்னதில்லை.

"யாரு மைக்செட்டு?" என்றாள் பேச்சியம்மாள்.

"நீங்கதானுங்கத்தை" என்றான் மகன். கள்ளம் என்பதே அவன் முகத்தில் இல்லை.

கோகிலவாணியின் நல்ல காலம், அதே நேரம் டாக்டர் ஜெஸீலா உள்ளே வந்தார். "அட, பிறை தெரிஞ்சிருச்சுங்" என்று ஆவுடையப்பன் கைகூப்பினான்.

"பிறையா? நானா?"

"ஆமாங். எல்லாரும் எந்நேரமும் பாத்துட்டே இருக்கோணும். செத்த நேரந்தான் தெரிவீங். பொறவு காணாமப் போயிருவீங்."

ஜெஸீலா வயிறு குலுங்கச் சிரித்தார். மைக்செட்டு மட்டும் சிரிக்கவில்லை. "இரி, இரி, ஒனக்கு ஒரு காலம் வராமலா போயிரும்" என்று மருமகளைப் பார்த்து விரலை ஆட்டினாள். அன்றைக்குப் பூராவும் ஆரஞ்சுப் பழம் உரித்ததில் ஒரு சுளைகூட மருமகளுக்குக் கிடைக்கவில்லை.

சிரித்துச் சிரித்துக் கழிந்த நாட்களுக்கு நடுவில் கோகிலவாணிக்கு ஒரு பயம் முளைத்தது. அவன் சொல்வதெல்லாம் அவள் சொல்வது. அவன் கோபம் அவள் கோபம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் அவள் எப்படி உதட்டைச் சுழிப்பாளோ அப்படியே சுழித்தான். நான்தானே என்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியானால் அவர் எங்கே? 'ஏட்டி, எங்கட்டி என் ஸ்பேனரு?' என்று வீடு அதிரக் கத்துகிற அந்த ஆள் உள்ளே இருக்கிறாரா, இல்லையா?

அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு கருவி இருந்தது. கட்டிலின் தலைமாட்டில், டிபன்பாக்ஸ் அளவில், மேலே ஒரு சின்ன மணியோடு. சொற்சல்லடை என்று பெயர். அவன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அதற்குள் விழும். கோகிலவாணியின் பதிவில் இருக்கிற சொல்லென்றால் சலித்துக் கீழே தள்ளிவிடும். அவளிடம் இல்லாத, அவனுக்கே சொந்தமான சொல் ஒன்று விழுந்தால் அது சல்லடையில் தங்கும். மணி அடிக்கும்.

"வெறும் சத்தத்த மட்டும் அது சலிக்காது" என்று ஜெஸீலா விளக்கியிருந்தார். "அந்தச் சொல் மூளைக்குள்ள போயி எதைத் தொடுதுன்னும் பாக்கும். 'மைக்செட்டு' உங்களுக்கும் மாமியாரத் தொடுது, அவருக்கும் மாமியாரத் தொடுது. அப்ப அது உங்க சொல். மணி அடிக்காது. மணி அடிச்சாத்தான் கொடி பந்தலத் தாண்டிருச்சுன்னு அர்த்தம்."

மணி அடிக்கவேயில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆடி பிறப்பதற்குள் பட்டுப்பந்தல் முழுதும் கரைந்துவிடும். கொடி தானாக நிற்காவிட்டால் பேச்சு மறுபடியும் போய்விடும்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அது நடந்தது. கோகிலவாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கரகரவென்று குரல்: "ஏட்டி! தண்ணி கொண்டா!"

மடித்த துணி மொத்தமும் தரையில். "வந்துட்டாரு! என்ற மாமன் வந்துட்டாரு!" என்று வராந்தாவெல்லாம் கேட்கக் கூவினாள். பேச்சியம்மாள் கும்பிட்டாள். அந்தோணி ஓடி வந்தார், ஜெஸீலாவும் ஓடி வந்தார். எல்லாரும் சல்லடையைப் பார்த்தார்கள். மணி கம்மென்று இருந்தது.

ஜெஸீலா சல்லடையைத் தட்டிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இதுவும் உங்க பதிவுல இருக்கேம்மா" என்றவர் பதிவை ஓடவிட்டார். அறை முழுக்கக் கோகிலவாணியின் குரல், மீசை முளைத்த குரலாக மாறி முழங்கியது: "ஏட்டி! எங்கட்டி என் ஸ்பேனரு? மூதி, வச்ச எடத்துல ஒண்ணு இருக்கா இந்த வீட்ல?" அதைத் தொடர்ந்து போனில் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.

கோகிலவாணி முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். "தங்கச்சிகிட்டச் சும்மா பேசிக் காட்டுவனுங். எப்பவும் பேசிக் காட்டுவனுங்."

"அச்சு அசலா அவன மாதிரியேல்லா இருக்கு" என்று பேச்சியம்மாள் அசந்துபோனாள். கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

ஜெஸீலா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதுதாம்மா சிக்கல். நீங்க இவர மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க. கோபம், கேலி, இருமல் வரைக்கும் உங்ககிட்ட ஒரு நகல் இருக்கு. இவர் இப்ப 'ஏட்டி'ன்னது இவரா, நீங்க பேசிக் காட்டுற இவரான்னு சல்லடைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியாத ஒரு சொல் இவர்கிட்ட இருக்கணும். அது வெளிய வரணும்."

"எனக்குத் தெரியாம அவருகிட்ட என்னங் இருக்கப் போவுது?" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போது அந்தத் துயரத்திலும் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. "எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கெடையாதுங்."

"அப்படின்னா வேற வழி இல்ல. திங்கட்கிழமை திரும்பத் தலையத் திறந்து கல்பந்தல் போட்டுரலாம். அது கரையாது. பேச்சு போகாது. ஆனா கொடி அதுக்கு மேல சொந்தமா வளரவும் வளராது. காலத்துக்கும் இவர் உங்க பேச்சத்தான் பேசுவாரு. நீங்க கையெழுத்துப் போடணும்."

அங்கேதான் தலைகீழாயிற்று எல்லாம். மகன் கொங்குத் தமிழ் பேசுகிறானே என்று மூன்று மாதமாகப் புலம்பிய பேச்சியம்மாள், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டுருளா. அவன் என்னைய அத்தைன்னு கூப்பிடட்டும், சித்தப்பான்னுகூடக் கூப்பிடட்டும். ஏதாவது ஒண்ணு கூப்பிட்டாப் போதும்."

மரியாதையில் நனைந்து மகிழ்ந்த கோகிலவாணி மாட்டேன் என்றாள். "என்ற பேச்சு எனக்கு எதுக்குங்கத்தை? அதான் எங்கிட்டயே இருக்குதே. எனக்கு அவரு வேணும்."

இருவரும் சேர்ந்தே அழுதார்கள். அன்றைக்கு மாமியார் ஒரு முழு ஆரஞ்சுப் பழத்தை உரித்து மருமகள் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமைக்குள் அவனுடைய சொல் ஒன்றையாவது வரவழைத்துவிட வேண்டும் என்று, கோகிலவாணி சனிக்கிழமை முழுக்க அவனிடம் என்னென்னவோ கேட்டாள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க? சின்ன வயசில் யாரோடு சண்டை? அவன் சொன்ன பதில் ஒவ்வொன்றும் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது. அவன் பேசப் பேச அவள் உதடும் கூடவே அசைந்தது. மணி பேசாமல் இருந்தது. இப்படி ஒன்றுவிடாமல் தெரிந்து வைத்துக்கொண்டோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆத்திரத்துக்கு ஒரு வடிகால் கிடைத்தது. மாடியில் இருந்த பழைய காற்றோட்டப் பெட்டியை மாற்றுகிறோம் என்று இரண்டு பேர் ஏணியை வராந்தாவில் குறுக்கே போட்டிருந்தார்கள். நடைப்பயிற்சிக்கு நோயாளிகள் வருகிற நேரம். கோகிலவாணி பால் வாங்கிக்கொண்டு வந்தவள் அதைப் பார்த்தாள்.

"ஏனுங், கண்ணு பொறத்தாண்டியா இருக்குது? தலையில தையலோட நடக்கறவங்க வர்ற பாதையில ஏணியப் போட்டா உருண்டு உளுகவா? ஒருவாட்டி மண்ட ஒடஞ்சது பத்தாதா? எடுங்! மொதல்ல எடுங்! உங்க மேஸ்திரி எங்கிங்? கூப்புடுங் அவர!"

மாடிப்படி வரைக்கும் அந்தக் குரல் போய் மோதித் திரும்பியது. ஏணிக்காரர்கள் ஏணியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். அந்தோணி மருந்தறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். இன்னும் இரண்டு பேச்சு மிச்சம் வைத்திருந்த கோகிலவாணி மூச்சு இழுத்த அந்த இடைவெளியில், அவளுடைய அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிங்.

பால் பாத்திரம் ஏணிக்காரர் கையில் எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. அறைக்குள் போய் விழாத குறையாக நின்றாள். சல்லடையின் மணி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாரு? அத்தை, இப்ப என்னங் சொன்னாரு?"

பேச்சியம்மாள் சன்னலருகே நின்றிருந்தாள். "ஒண்ணும் சொல்லல."

"மணி அடிச்சுதுங்களே!"

"அது வந்து... வெளிய காத்து அடிக்குல்லா? சன்னலச் சாத்தச் சொன்னான். அவ்வளவுதான்."

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். ஆவுடையப்பன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. தவறு செய்து மாட்டிக்கொண்டால் அவன் கூரையைப் பார்ப்பான். இது அவள் பழக்கம் இல்லை. அவள் மாட்டிக்கொண்டால் எதிராளியை முறைப்பாள். மாசிக்குப் பிறகு அந்தத் திருட்டு முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஜெஸீலா மூச்சிரைக்க ஓடி வந்து சல்லடையின் வாயைத் திறந்து, உள்ளே தங்கியிருந்ததைப் பார்த்து, சத்தமாகப் படித்தார். "'ஆடிக்காத்து வருது, சன்னலைச் சாத்துங்க.' இதுல 'ஆடிக்காத்து' மட்டும் சலிக்காம நிக்குது." அவர் நிமிர்ந்தார். "கோகிலா, இந்தச் சொல் உங்ககிட்டயும் இருக்கு. ஆனா உங்களோட ஆடிக்காத்து காத்தத்தான் தொடுது. அவரோடது ஒரு முகத்தைத் தொடுது."

"யாரு முகத்தைங்?"

ஜெஸீலா சல்லடையின் சின்னத் திரையை அவள் பக்கம் மெதுவாகத் திருப்பிக் காட்டினார். அதில் கோகிலவாணிதான் இருந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நல்ல கோபத்தில்.

"நானா? நான் ஆடிக்காத்தா?" அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்கு, அவன் அண்ணனுக்கு, காத்தாடிக் கம்பெனிப் பயலுவளுக்கு, எல்லாத்துக்கும் தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். இனி மறைத்து என்ன பயன்? "கல்யாணம் ஆன வருசத்துலயே வச்சிட்டான். நீ போன் பண்ணா 'ஆடிக்காத்து பேசுது'ன்னுதான் எடுப்பான். மைக்செட்டுக்கும் அதுக்கும் சரியாப் போச்சி, போ."

கோகிலவாணிக்குச் சிரிப்பா, அழுகையா, கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றும் ஒன்றாகத்தான் வந்தன. "இத்தன வருசமா! எனக்குத் தெரியாம!" என்று அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். தலையில் தையல் போட்ட ஆளாயிற்றே என்று பதறி அதே தோளைத் தடவினாள். "உள்ளதான் இருந்தீங்ளா? ஒளிஞ்சுட்டு உள்ளயே இருந்தீங்ளா?"

"ஒரு சொல் வந்தது தற்செயலாக்கூட இருக்கலாம்" என்று ஜெஸீலா குறுக்கிட்டார். "இன்னொண்ணு வந்தா நாளைக்கு அறுவை வேண்டாம்."

"ஏனுங், இன்னும் எனக்கு என்னென்ன பேரு வச்சிருக்கீங்? சொல்லுங். கோவிச்சுக்க மாட்டேன். எத்தன இருந்தாலும் சொல்லுங்!"

ஆவுடையப்பன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். சொற்களைத் தேடித் தேடி, தட்டுத் தடுமாறி, தன் சொந்த ஊர்த் தமிழில் சொன்னான். "வேற... வேற பேரு இல்லட்டி. அது திட்டு இல்ல. ஆடிக்காத்து அடிச்சாத்தான... காத்தாடி சுத்தும். அந்த ரெண்டு மாசந்தான் வருசம் பூராக் கஞ்சி ஊத்துது. நீ இல்லன்னா... நான் சும்மா நிக்குத கம்பம்ட்டி."

டிங்.

இந்த முறை மணி நிற்கவே நேரம் பிடித்தது. ஜெஸீலா சல்லடைக்குள் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் கோகிலவாணியின் பதிவில் இருந்த சாதாரணச் சொல்தான். ஆனால் அவளிடம் இருந்த அவனுடைய நகல் இப்படி ஒரு பேச்சைப் பேசியதேயில்லை. அவள் அவனை எத்தனையோ விதமாகப் பேசிக் காட்டியிருக்கிறாள், இப்படிப் பேசிக் காட்ட அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவன் மனசுக்குள் இது இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"ஒளிவுமறைவே கெடையாதுன்னீங்க" என்றார் ஜெஸீலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஏணிக்காரர்களில் ஒருவர் பால் பாத்திரத்தோடு வாசலில் நின்று, "மேடம், ஏணிய எடுத்தாச்சு" என்றார். கோகிலவாணி அழுத கண்ணோடு அவருக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஆடி பிறந்தது. பட்டுப்பந்தல் கரைந்தது. கொடி நின்றது. ஆவுடையப்பன் வள்ளியூர் வீட்டுக்குத் திரும்பி, வாசற்படி ஏறும்போதே "ஏட்டி, என் ஸ்பேனர எங்க வச்ச?" என்று கேட்டான். தெருவே கைதட்டியது. பெற்றவளை அம்மா என்று கூப்பிட்டான். கொங்குத் தமிழெல்லாம் உதிர்ந்துபோனது, ஒன்றைத் தவிர. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "ஏனுங், சாப்டீங்களா?" என்று மனைவியைக் கேட்பான். மறுபரிசோதனைக்குப் போனபோது கோகிலவாணி இதைச் சொன்னாள். பந்தல் துளியும் மிச்சமில்லை, அவர் அதைத் தானாகத்தான் சொல்கிறார் என்றார் ஜெஸீலா.

அந்த மருத்துவமனையில் இப்போது ஒரு புது வழக்கம். யாருக்காவது பந்தல் போட வேண்டுமென்றால், பந்தக்காலாக வருகிறவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்ற உறவுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: நோயாளி இவங்க முதுகுக்குப் பின்னால இவங்களை என்னன்னு கூப்பிடுவாரு? பதிலைப் பந்தக்காலின் காதில் போடவே கூடாது. தெரிந்துவிட்டால் அது அவர் சொல்லாகிவிடும், சல்லடையில் நிற்காது. மனைவிக்குப் பட்டப்பெயர் வைத்து மறைத்த ஆண்களெல்லாம் பேச்சு பெற்று வீட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம் என்று பெருமை பேசிய தம்பதிகள்தான் வராந்தாவில் கைபிசைந்துகொண்டு நிற்கிறார்கள். டாக்டர் ஜெஸீலாவே ஒரு நாள் வீட்டில் கணவரிடம், "எனக்குத் தெரியாம எனக்கு ஏதாவது பேரு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம். "சேச்சே, உனக்குத் தெரியாம நான் ஏதாவது செய்வேனா?" என்று அவர் சத்தியம் செய்ததில் டாக்டருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

கோகிலவாணியும் யோசித்தாள். நாளைக்கே தன் தலையில் ஒரு தேங்காய் விழுந்தால்? பந்தக்காலாக நிற்கப்போவது அவன்தான். மைக்செட்டு தெரிந்துபோயிற்று, பிறையும் போயிற்று, தங்கச்சியிடம் பேசிக் காட்டியது ஊருக்கே போயிற்று. அவனுக்குத் தெரியாமல் அவளிடம் எதுவுமே மிச்சமில்லை. அதனால் ஒரு மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, புருஷனுக்கு ஒரு பெயர் வைத்தாள். வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது என்ன பெயர் என்று கேட்காதீர்கள். இங்கே எழுதினால் அவன் படித்துவிடுவான்.

அடுத்த முறை கீரை ஆயும்போதும் அவள் தனியே சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஆவுடையப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மாமியாரிடம் மட்டும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள் என்பது எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா வேற வாய மூடிட்டுச் சிரிக்கா. என்ன பேருட்டி அது? ஒரேயொரு தடவ சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கோகிலவாணி கீரையை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"சொல்லிட்டா நான் எப்படீங் திரும்பி வர்றது?"